எட்டு தடவை நின்ற வண்டி

"ஏழு தடவை மேடம்! ஏழு தடவை!"

மகோயே என் மேஜையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. காலையில் மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான அப்பா என்று குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே என் சஃபாரி வண்டியில் செரங்கெட்டிக் காட்டுக்குள் போன மனிதர். சாயங்காலம் எங்கள் லமாடி ஊருக்குத் திரும்பி என் ஆபீசுக்குள் நுழைந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்ன ஏழு தடவை?"

"உங்க டிரைவர் வண்டியை நிறுத்தினது! ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல ஓட்டலை. திடீர்னு நிறுத்துவார். 'மருந்து தோண்டிட்டு வந்துடறேன்'னு இறங்கிப் போவார்."

வழியில் ஒதுங்கப் போவதை எங்கள் ஊரில் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வோம்.

"ஆத்தோரம் மரத்து மேல சிறுத்தை இருக்குன்னு வயர்லெஸ்ல சொல்றாங்க. எல்லா வண்டியும் பறக்குது. இவர் பாதி வழியில நிறுத்தி இறங்கிட்டார்! நாங்க போறதுக்குள்ள சிறுத்தை புதருக்குள்ள போயிடுச்சு. வெறும் மரத்தைத்தான் போட்டோ எடுத்தோம். என் சின்னப் பொண்ணு அழுத அழுகை இருக்கே..."

"ஐயோ பாவம்."

"அதைவிட எங்கப்பா பாவம். ரிட்டயர்டு தலைமையாசிரியர். 'தனியா போகாதேப்பா, சிங்கம் கிங்கம் வந்துடப் போகுது'ன்னு ஒவ்வொரு தடவையும் அந்த ஆளுக்குத் துணைக்கு இறங்கிப் போனார். எழுபத்தாறு வயசுல அவருக்கு இது தேவையா?"

"தேவையில்லைதான்."

"உடம்பு சரியில்லாத ஆளை எதுக்கு அனுப்பறீங்க? மதியம் நாங்க எல்லாரும் சாப்பிட்டோம். அவர் எதுவும் வேண்டாம்னுட்டு மரத்தடியில சாய்ஞ்சுட்டார். ஏதோ வியாதி. தயவுசெஞ்சு இனிமே எந்தக் குடும்பத்தோடயும் அவரை அனுப்பாதீங்க!"

அவர் வெளியே போனதும் டிரைவர் அதுமானியைக் கூப்பிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூன்றே வண்டிகளை வைத்துக்கொண்டு பேர் வாங்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏழு தடவை நிறுத்தினியாமே?"

"எட்டுக்கா. ஒண்ணை அவர் விட்டுட்டார் போல."

"திமிரா? போன மாசம் சாணி வண்டு ரோட்டைத் தாண்டுதுன்னு கால் மணி நேரம் நிறுத்தி வெச்சே!"

"அது உருண்டையை உருட்டிட்டு வந்துச்சுக்கா. மேல ஏத்திட்டா போகச் சொல்றீங்க?"

"இன்னொரு புகார் வந்தா சாவியை வாங்கிடுவேன்னு அன்னைக்கே சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்போ இன்னைக்கு ஏன் நிறுத்தினே? காரணத்தைச் சொல்லு."

அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"சும்மா சும்மா டீயைக் குடிச்சா இப்படித்தான். டாக்டரைப் போய்ப் பாரு. உடம்பு சரியாகிற வரைக்கும் வண்டியைத் தொடாதே. சாவியை வை."

நீல மணி கோத்த அந்தச் சாவி பதினோரு வருஷமாக அவன் இடுப்பில்தான் தொங்கியது. கழற்றி மேஜை மேல் வைத்தான். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கம் இல்லையே!

அப்போதுதான் கடைத்தெருப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?"

"இதையெல்லாமா கேப்பாங்க? எடு."

சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டான். கூஜாவைத் தூக்கி மடமடவென்று குடித்தான். பாதி கூஜா காலி.

"நோன்பா? பெருநாள்தான் முடிஞ்சு போச்சே!"

"இது ஆறு நோன்புக்கா. பெருநாளுக்கு அப்புறம் பிடிக்கிறது. இன்னைக்கு நாலாவது."

"அப்படின்னா காலையில இருந்து..."

"விடியறதுக்கு முன்னாடி குடிச்சதுதான்."

எனக்குத் தலை சுற்றியது.

"பகல் பூரா சொட்டுத் தண்ணி குடிக்காதவனுக்கு எட்டு தடவை எப்படிப்பா வரும்?"

அவன் வண்டியிலிருந்து கொண்டுவந்து நாற்காலியில் போட்டிருந்த ஒரு தொப்பியை எடுத்துத் தூசு தட்ட ஆரம்பித்தான்.

"பெரியவர் தொப்பியை விட்டுட்டுப் போயிட்டார் போலக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, மகோயேவின் அப்பாவே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். நெடுநெடுவென்ற உயரம். இஸ்திரி கலையாத சட்டை. ஒரு பள்ளிக்கூடத்தையே கண் பார்வையில் அடக்கி வைத்திருந்த மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதுமானியிடமிருந்து தொப்பியை வாங்கியவர், அவன் தோளில் வைத்த கையைச் சட்டென்று எடுக்கவில்லை.

"அம்மா, அடுத்த லீவுக்கு என் சம்பந்தி வீட்டையும் கூட்டிட்டு வர்றோம். இதே தம்பியைத்தான் எங்களோட அனுப்பணும். சொல்லிட்டேன்."

மேஜை மேல் இருந்த சாவியை அதுமானி பக்கமாக நகர்த்தினேன்.

"அனுப்பறேன் ஐயா. ஆனா இவன் அடிக்கடி வண்டியை நிறுத்துவானே?"

பெரியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். காரில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அதுக்காகத்தாம்மா கேக்கறேன்."