கறுப்பு டியூப்

"என் வண்டி பானெட்டுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

தையல்காரர் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் நிமிர்ந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"உங்ககிட்ட சொல்லலாம்னுதான் தேடினேன்..."

"பேசாதீங்க! ரெண்டு வருஷமா கப் உங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு. இந்தத் தடவை நான் ஏறிடுவேன்னு வயித்தெரிச்சலா?"

பழைய கார் சங்கத்தின் மலையேற்றப் பந்தயம் அது. நடுவில் நிற்காமல் உச்சிக்குப் போக வேண்டும். வேகமாகப் போனவருக்குக் கோப்பை. தையல்காரரின் கார் இரண்டு வருடமும் மூன்றாம் வளைவில் இருமி நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் நின்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். சங்கத்தின் விதி.

தையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

வேறொரு காரின் இன்ஜினைப் பொருத்திய வண்டி. இன்ஜினின் உறிஞ்சும் விசையைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் வேக்கம் டியூபை அவரே அளவெடுத்து, அரை அங்குலம்கூட வீணாக்காமல், நூல் பிடித்த மாதிரி சிவப்பில் போட்டிருந்தார். பார்த்தவர்களெல்லாம் மெச்சிய வேலை. இப்போது அந்த இடத்தில் தொளதொளவென்று ஒரு கறுப்பு டியூப் வளைந்து கிடந்தது.

"பாத்தியா இவர் பண்ண அநியாயத்தை?" மனைவியிடம் பொருமினார்.

"அப்புறம் பொருமலாம். நம்ம நம்பரைக் கூப்பிடறாங்க, ஏறுங்க."

மாற்ற நேரமில்லை. ஏறினார்.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வந்ததும் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நின்னுடுச்சாங்க?"

"கண்ணைத் திறடி! தாண்டியாச்சு!"

வண்டி இருமவில்லை, முனகக்கூட இல்லை. உச்சியில் கொடி அசைந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய நேரத்தை வாசித்தார்கள். அதுவரை ஏறியவர்களில் அவர்தான் முதல். மனைவி கீழே இறங்கி, தானே ஓட்டி வந்தவள் மாதிரி கூட்டத்துக்குக் கையசைத்தாள்.

"அவர் வெச்ச ஆப்பையும் மீறி ஏறிட்டோம், பாத்தியா!"

கடைசியாக டாக்டரின் கார் வர வேண்டும். வரவில்லை. அவர் விலகிக்கொண்டதாக ஒலிபெருக்கி சொன்னது.

"குத்தமுள்ள நெஞ்சு. பயந்துட்டார்!"

கோப்பையை வாங்கிய கையோடு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட மலையிறங்கினார்.

டாக்டர் தன் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கோப்பையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"ஏறிடுச்சா! சட்டை தைக்கும்போது கை தூக்க இடம் விடறீங்க, டியூபுக்கு விட வேண்டாமா? ஏத்தத்துல இன்ஜின் ஆடும். இழுத்துப் போட்ட டியூப் நழுவி, இன்ஜினுக்குள்ள காத்து புகுந்து இருமும். வண்டி நின்னதும் அதுவே பழையபடி ஒட்டிக்கும். அதான் யார் கண்ணுக்கும் படல."

தையல்காரர் டாக்டரின் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்குக்குப் போகும் டியூப் அதில் இல்லை.

"அவசரத்துக்கு வேற கிடைக்கல," என்றார் டாக்டர், கையைத் துடைத்தபடி. "எனக்கு அடுத்த வருஷமும் இருக்கு. உங்களுக்கு இதானே கடைசி?"