நாலு செகண்டு முகம்

"சத்தத்தை நிறுத்திட்டுப் போடுங்க மேடம்" என்றார் கடைக்குட்டி.

எடிட்டர் திரும்பிப் பார்த்தாள். "சத்தமே இல்லாமலா சார்?"

"ஆமா. என் முகம் தெரிஞ்சாப் போதும்."

அடேயப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உலகத்தையே பாடி மயக்கின மனுஷன். இப்போது தன் குரலைக்கூடக் கேட்க வேண்டாமாம், மூஞ்சி தெரிந்தால் போதுமாம்!

கூடப் பிறந்த ஏழு பேர் சேர்ந்து பாடிய குழு அது. கடைசிப் பிள்ளை என்பதால் ஐம்பது வயதாகியும் அவர் கடைக்குட்டிதான். எடிட்டருக்கு முதல் காதல் வந்ததும் அவர்கள் பாட்டில்தான், போனதும் அவர்கள் பாட்டில்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரியக்கா மேடையை விட்டு விலகினாள். குழு உடைந்தது. கடைக்குட்டிதான் அக்காவை ஓரங்கட்டினார் என்று பத்திரிகைகள் கண், காது, மூக்கு வைத்து எழுதின. அவர் மறுக்கவும் இல்லை. பாடுவதை நிறுத்திவிட்டு சினிமாவில் தலைகாட்ட ஆரம்பித்தார்.

படத்துக்கு ஒரே ஒரு காட்சி. அதற்கு ஓராயிரம் நிபந்தனை. பேசும்போது முகம் நேராகத் தெரிய வேண்டும். மீசை ஒட்ட மாட்டார். கையோ மைக்கோ வாயை மறைக்கக் கூடாது. எடிட்டிங் முடிந்ததும் அவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும்.

காட்சி ஓடியது. பல வருஷம் கழித்து வந்த அக்காவிடம் ஒரு தம்பி ஜன்னலோரம் நின்று பேசுகிறான். சத்தம் இல்லாத திரையில் அந்த முகம், தொட்டித் தண்ணீருக்குள் தெரிவது மாதிரி அலைந்தது. இவர் மேல் இருந்த கோபம்கூட எடிட்டருக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"நிறுத்துங்க! இந்த இடத்துல என் முகம் எங்க?"

"அது அக்காவா நடிக்கிற பொண்ணோட முகம் சார். 'நீ இல்லாத பாட்டு எனக்குப் பாதிப் பாட்டுதான்க்கா'ன்னு நீங்க சொல்றப்போ அவ கண்ணுல இருந்து ஒரு சொட்டு உருண்டு விழுது பாருங்க. இந்த ஒரு இடத்துக்காக மூணு நாள் உக்காந்தேன்."

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எடுத்துடுங்க."

"சொல்றவங்க முகத்தைவிடக் கேக்கறவங்க முகத்துலதான் சார் வசனமே இருக்கு!"

"எல்லாருக்கும் அப்படி இல்ல மேடம். நான் சொல்றப்போ என் வாய் தெரியணும். நாலே நாலு செகண்டு. கெஞ்சிக் கேக்கறேன்."

நிஜ அக்காவை ஓரங்கட்டினவர், சினிமா அக்காவை மட்டும் விட்டுவைப்பாரா என்று எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"அவர் சொல்றபடியே மாத்திடும்மா. ஒப்பந்தத்துலயே இருக்கு" என்று அவரும் கைவிரித்துவிட்டார்.

மாற்றினாள். கடைக்குட்டி மறுபடியும் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுக் கிளம்பினார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவர் தலை மறைந்ததும், வெட்டித் தூக்கிய கண்ணீர்க் காட்சியைத் திரும்ப அதே இடத்தில் வைத்த பிறகுதான் எடிட்டருக்குச் சோறு இறங்கியது. நாலு செகண்டை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலை செய்தவர்களுக்கும் வீட்டாருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கடைக்குட்டி ஒரு அம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்து நட்டநடு நாற்காலியில் உட்காரவைத்தார்.

எடிட்டருக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியக்கா!

மேடையிலிருந்து இறக்கிவிட்ட அக்காவையே தன் மூஞ்சியைப் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார் என்றால், இந்த ஆளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!

விளக்கு அணைந்தது. அந்தக் காட்சி வந்தபோது திரையின் வெளிச்சம் பெரியக்காவின் முகத்தில் படர்ந்தது. தம்பி பேசப் பேச அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. பழையபடி இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற மாதிரியே இருந்தது. எடிட்டர் கனவு காண்கிறவள் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்தச் சொட்டுக் கண்ணீர் உருண்டது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. எடிட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரியக்காவின் உதடுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. பக்கத்தில் கடைக்குட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

படம் முடிந்ததும் எடிட்டர் ஓடிப்போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா, உங்க பாட்டுன்னா எனக்கு உசிரும்மா!"

பெரியக்கா திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். ம்ஹூம். அக்காவும் தம்பியும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்தான் போலிருக்கிறது.

"முன்னாடி வந்து பேசுங்க மேடம்" என்றார் கடைக்குட்டி, தணிந்த குரலில். "அக்காவுக்கு உங்க வாய் தெரியணும்."

எடிட்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படி முன்னால் போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காது போயி ஒம்பது வருஷம் ஆச்சும்மா. வெளிய சொல்லாதேன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். பழியை எல்லாம் இவனே சுமந்தான். இவன் பாடினா எனக்குக் கேக்காது. அதான் எனக்காகப் படத்துல வந்து பேசறான். உதட்டைப் பாத்தே எல்லாத்தையும் கேட்டுடுவேன்."

எடிட்டரின் கண் நிறைந்தது.

"நீதான் படத்தை வெட்டி ஒட்டினவளாமே? ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. அந்தப் பொண்ணு அழுதாளே, அப்ப என் தம்பி என்ன சொன்னான்?"