கத்தரிப்பூ நிறக் கடல்

“கடல் என்ன கலர், சொல்லு?”

“நீலம் டீச்சர்.”

“நண்டு?”

“சிவப்பு.”

“தென்னை ஓலை?”

“பச்சை!”

டக்டக்கென்று வந்தது பதில். ஐந்து வயசுப் பெண். கீச்சுக் குரல் என்பதால் வீட்டிலும் வகுப்பிலும் அவள் பேரே குருவி.

டீச்சர் தன் கையில் இருந்த காகிதத் தட்டைத் திருப்பிக் காட்டினார்.

“அப்போ இது என்னம்மா?”

தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கடல். கரையில் பச்சை நண்டு. ஓரத்தில் பழுப்பு ஓலையோடு ஒரு தென்னை.

குருவி தட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

மழலையர் வகுப்பில் அது கடற்கரை வாரம். திங்கட்கிழமை தட்டில் மணல் பரப்பி விரலால் எழுத்து எழுதினார்கள். மறுநாள் கிளிஞ்சல்களைப் பெரிசு சிறிசாகப் பிரித்து எண்ணினார்கள். அதற்கடுத்த நாள் எது மிதக்கும், எது முழுகும் என்று ஒரு தொட்டித் தண்ணீரை வகுப்பு முழுக்க இறைத்தார்கள். தினமும் வீட்டுக்கு ஒரு வேலை உண்டு. பெரியவர்கள் யாராவது கூட உட்கார்ந்து செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை கண்காட்சி.

குருவி கொண்டுவருவது எல்லாமே இப்படித்தான். வகுப்பில் ஒரு தப்பு கிடையாது. வீட்டிலிருந்து வந்தால் மட்டும் நிறமெல்லாம் தலைகீழ்.

“இதை யார் செஞ்சது?”

“நானும் அப்பாவும்.”

“கலர் எடுத்துக் கொடுத்தது?”

மறுபடி வாய்ப்பூட்டு.

“இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர்?” தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தார். “அம்மா வெளியூர்ல வேலை. அப்பனுக்கு ஏது பொறுமை? கைக்குக் கிடைச்சதை அப்பி அனுப்பியிருப்பாரு.”

டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. தென்னைக்கு அடியில் இருந்த மணல் வெறும் மணல் அல்ல. மரம் இழைக்கும் உப்புத்தாளை வளைவு வளைவாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். தடவினால் நிஜ மணல் போலவே விரலில் உரசியது. நகத்தளவு மரப்படகு ஒன்று, பாய்மரத்தோடு. அவசரக்காரன் செய்கிற வேலையா இது?

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷன் கடலை மட்டும் ஏன் இப்படிக் கோட்டை விடுகிறார்?

சரி, கண்காட்சிக்கு வரட்டும், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் ‘இங்கே கலர்கூடச் சொல்லித் தருவதில்லையா’ என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று, குருவியின் தட்டைப் பின்வரிசையில் ஒளித்தாற்போல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் குருவியின் அப்பா பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தச்சு வேலை. தலைமுடியில் மரத்தூள். முன்வரிசையில் தேடினார், நடுவரிசையில் தேடினார், கடைசியில் எக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

முகமெல்லாம் சிரிப்பு.

“வணக்கம் டீச்சர். எங்களோடது எப்படி இருக்கு?”

“படகு ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா ஒண்ணு கேட்கணும்...”

“கேட்க வேணாம், நானே சொல்லிடறேன்.” அவர் கொஞ்சம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். “நீலம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு, இல்ல?”

டீச்சர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

கேலியா? இல்லை. அந்த முகத்தில் கேலி இல்லை. கத்தரிப்பூ நிறக் கடலைப் பார்த்தபடி, நீலத்துக்குத்தான் அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

“சார்... அது வந்து...”

யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தால் குருவி. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அப்பா, அந்தத் தொட்டியில நம்ம படகை விட்டுப் பாருங்களேன். மிதக்குதான்னு பார்க்கலாம்!”

“அட, ஆமாம்ல!” அப்பா சின்னப் பையன் மாதிரி படகைப் பிய்த்தெடுத்துக்கொண்டு போனார்.

டீச்சர் குருவிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அது நீலம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் டீச்சர். அப்பாவுக்குத்தான் தெரியாது.”

“அப்போ நீ சொல்லலாம்ல?”

“சித்தி சொன்னாங்க. ‘ஐயோ மாமா, உங்களுக்குக் கலர்கூடத் தெரியலையா’ன்னு கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

“அப்பா, ‘இனிமே நீயே செய்டா கண்ணு, அப்பாவுக்கு வராது’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் ரொம்ப நாள் என்கூடச் செய்ய வரவே இல்ல.” குருவி விரலை மடக்கிப் பார்த்தாள், நாள் விரலுக்குள் அடங்கவில்லை. “இந்த வாரம்தான் டீச்சர், மறுபடி வந்தாங்க.”

டீச்சருக்குப் புரிந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், விடவில்லை.

“சரிடா கண்ணு, கலர் பென்சிலையாவது நீ எடுத்துக் கொடுக்கலாமே?”

“நான் கையை நீட்டினா, ‘இரு இரு, அப்பா எடுக்கறேன்’னுடுவாங்க. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துத்தான் எடுப்பாங்க.”

தொட்டிப் பக்கமிருந்து, “குருவி! மிதக்குதுடி!” என்று அப்பாவின் குரல் வந்தது. இரண்டே எட்டு ஓடிய குருவி, என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து டீச்சரின் காதருகே ரகசியமாகச் சொன்னாள்:

“நீலக் கடல் நான் இங்க செஞ்சுக்கறேன் டீச்சர். வீட்ல அப்பாகூட இந்தக் கடலே போதும்.”