குழாயில் வந்த குரல்

"வலது முழுசா!"

பித்தளைக் குழாயில் கேப்டன் இசேக்கியின் குரல் இறங்கிய கணமே மொரிசாகி சுக்கானைச் சுழற்றினான்.

லே துறைமுகத்தில் பட்டினி கிடக்கும் தங்கள் படைக்கு அரிசி கொண்டுபோகும் கப்பல் அது. ரபவுல் துறைமுகத்திலிருந்து கூடவே கிளம்பிய இரண்டு கப்பல்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன.

சுக்கான் அறையின் சன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மொரிசாகிக்கு வானம் தெரியாது. மேல்தளத்தில் பாயை விரித்து மல்லாந்து கிடந்த கேப்டன்தான் எதிரி விமானத்திலிருந்து குண்டு கழல்வதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் குண்டு பக்கத்திலேயே விழுந்தது. கப்பலைத் தூக்கிப்போட்டது. இரும்புச் சில்லுகள் ஆலங்கட்டி மழைபோல் மேலே கொட்டின.

குழாயில் சத்தமே இல்லை.

"ஐயா?" என்றான் மொரிசாகி.

ஒரு செருமல். பிறகு அதே கரகரப்பு, அதே நக்கல்.

"இவன் குண்டு போடுறானா, மீனுக்கு இரை போடுறானா? அடுத்தவன் வர்றான். இடது முழுசா, மொரிசாகி!"

அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு பலத்தையெல்லாம் திரட்டி இடப்பக்கம் இழுத்தான்.

குண்டுகள் வலப்புறக் கடலைக் கிழித்தன.

"அப்படித்தான். இப்ப வலது. பாதி போதும்."

அதன்பின் அவன் கை எங்கும் தயங்கவில்லை. குரல் சொன்னது, கப்பல் திரும்பியது. விழுந்த குண்டெல்லாம் தண்ணீருக்கே போனது.

விமானங்கள் மறைந்ததும், சுக்கானை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறினான்.

கேப்டனைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். பக்கத்தில், அந்தப் பாயிலேயே, இரண்டாம் அதிகாரி நாகசாதோ மல்லாந்து கிடந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"முதல் குண்டுலயே போயிட்டார். உனக்குத் தெரிஞ்சா கை நடுங்குமேன்னுதான் அவர் மாதிரியே பேசினேன். ஒத்துப்போச்சா?"

"அச்சு அசல் அவரேதான், ஐயா."

"மறுபடி வருவானுங்க."

"வரட்டும். நீங்க சொல்லுங்க, நான் திருப்பறேன்."

மொரிசாகி தார்ப்பாயின் முன் குனிந்து வணங்கிவிட்டுக் கீழே இறங்கினான்.

பதினோரு வருஷம் அவன் இசேக்கியின் கப்பலில் சுக்கான் பிடித்தவன். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.