மூன்றாம் வரிசை ஓரத்து சீட்

"இன்னிக்கு ஒரு நாளாவது முடியிற வரைக்கும் இரும்மா," என்று கெஞ்சினார் கிளைவ்.

இடைவேளை முடியப்போகிற மணி அடித்துவிட்டது. தெல்மா வழக்கம்போல் கைப்பையை மூடிவிட்டு, கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாய் வண்டியில இருக்குடா. தனியா விட்டா குரைச்சுத் தெருவையே கூட்டிடும்."

மெல்பர்ன் மேடையில் இது கிளைவ் எழுதிய ஒன்பதாவது நாடகம். ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் வரிசையில் ஓரத்து சீட்டுக்கு ஒரு டிக்கெட் அனுப்பிவிடுவார். பண்ணையிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருகிறவள், ஒவ்வொரு முறையும் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். ஊரே மெச்சிய நாடகங்களைப் பெற்றவள் முழுசாகப் பார்க்கவில்லையே என்று கிளைவுக்கு மனக்குறை. ஆனால் மறுநாள் போனில் இரண்டாம் பாதியைப் பற்றி ஏதாவது குறை மட்டும் சொல்வாள். பால் கறக்கிறவன் அப்படியா உட்காருவான் என்பாள். வேலிக்கம்பியை அப்படி இழுத்துக் கட்டினால் நிற்குமா என்பாள். பத்திரிகை விமர்சனம் படித்துவிட்டு அளக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

மற்றதெல்லாம் போகட்டும், இதன் கடைசிக் காட்சியை அவள் பார்த்தே ஆகவேண்டும். பண்ணையை விட்டுப் போன மகன் திரும்பி வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற காட்சி அது.

மாட்டை விட்டுவிட்டுக் கூத்தாடப் போகிறவன் தன்னை அந்தப் பக்கமே கூப்பிடக் கூடாது என்று அப்பா ரெக்ஸ் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. அதோடு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோயிற்று. கிளைவும் ரோஷக்காரர், கூப்பிடவே இல்லை. நேரில் சொல்ல வாய் வராததை மேடையில் சொல்ல வைத்திருந்தார். அம்மா பார்த்தால் வீட்டில் போய்ச் சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

அவளோ போயே போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் கிளைவால் உள்ளே உட்கார முடியாது. எப்போதும் வெளியே போய் நடந்துகொண்டிருப்பார். இன்றைக்கு நல்ல மழை. நடந்துகொண்டே இருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. பின்தெருவில் நின்ற பழைய பிக்கப் வண்டியைத் தேடிப் போய்க் கதவைத் திறந்தார். அம்மா நாயின் முதுகைத் தடவியபடி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாயை நான் பார்த்துக்கறேன், நீ உள்ள போம்மா. கடைசிக் காட்சி இன்னும் வரல. உன் சீட் காலியாத்தானே இருக்கு?"

தெல்மா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தலையெல்லாம் நனைந்திருந்தது. இருபது வருஷத்து ரகசியத்தை இனியும் கட்டிக்காக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"காலியா இல்லடா. தனக்குன்னு டிக்கெட் வாங்கமாட்டாராம், பிள்ளை கூப்பிடாத இடத்துக்கு வரமாட்டாராம். என் டிக்கெட்ல பாதின்னா மட்டும் பரவாயில்லையாம். நான் நாயோட உக்காந்துக்குவேன், உங்கப்பா உள்ள போவாரு, கைதட்ட ஆரம்பிச்சதும் எழுந்து வந்துடுவாரு. உன் எட்டு நாடகத்தோட முடிவும் வீட்டுக்குப் போற வழியில அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதையும் அவர்தான் வந்து சொல்லணும்."