குழிக்கு ஓர் ஆள்

இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் ஊர் வயலுக்கடியில், ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய சாக்சன் காலத்து வீடு ஒன்று இருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி ஹெட்டி. யாரும் நம்பவில்லை. மார்ச்சில் அவள் இறந்தாள். செப்டம்பரில் ஊரார் சேர்ந்து தோண்டினோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு கிடைக்காவிட்டால் உழுதுவிடுவதாக நிலக்காரர் நெவில் சொல்லியிருந்தார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, மரத்தூண் நின்ற கடைசிக் குழியும் கிடைத்தது. மொத்தம் பதினாறு. படத்தில் வீட்டின் வடிவம் தெரிவதற்காக, அகழாய்வுகளில் செய்வதுபோல் குழிக்கு ஓர் ஆளாக நின்றோம். தோண்டலை நடத்திய பெரலைத் தவிர நாங்கள் பதினைந்து பேர். வாசலோரம், எனக்கு இடப்பக்கக் குழியைக் காலியாக விட்டோம்.

கேமராவோடு பெரல் ஏணியில் ஏறினாள். "நெவில், உங்க உருளைக்கிழங்குக்கு அடியில முழு வீடு இருந்திருக்கு!"

"சரி தாயே, தோத்துட்டேன். உழமாட்டேன்," என்றார் அவர் வயலோரத்திலிருந்து.

பெரல் எண்ணினாள். "பதினாலு, பதினஞ்சு, பதினாறு. ஒரு குழிகூடக் காலியில்ல! கையத் தூக்குங்க, கண்ணுங்களா!"

எல்லோரும் கத்தினோம். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் நானும் கத்தினேன். என் இடப்பக்கத்திலிருந்து வந்த கூச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிது.