சாவு வீட்டுக் குதிரை

“குதிரையை அவுத்து விடுங்க. அறுக்க வேணாம்.”

எர்மெக் இப்படிச் சொன்னதும் சாவு வீட்டு முற்றமே அவன் பக்கம் திரும்பியது.

இறந்தவரின் தம்பி தொக்தோசுன் கயிற்றை விடவில்லை. “மதரசாவுலேருந்து பயிற்சிக்கு வந்த பையன் நீ. அடுத்த மாசம் போயிடுவ. அண்ணன் சாவுக்குக் குதிரை அறுக்காதவன்னு ஊரே என்னைத்தான் காறித் துப்பும்.”

“இருக்கிறதே இந்த ஒரு பெட்டைக் குதிரைதான் அண்ணே. இதோட பாலை வித்துத்தான் உங்க அண்ணி பிள்ளைங்களை வளர்க்கணும். சாவு வீட்டுக்கு நாமதான் சோறு கொண்டுவரணும். அவங்க குதிரையைத் தின்னுட்டுப் போகக்கூடாது.”

எர்மெக் ஓரக்கண்ணால் விருந்தாளிகள் பக்கம் பார்த்தான். களப்பயிற்சியில் தேறாவிட்டால் இமாம் பட்டம் கிடையாது. மதிப்பெண் போட நகரத்திலிருந்து வந்த ஜுமாதில் என்ற உஸ்தாத் முதல் இருக்கையில் அமர்ந்திருந்தார். இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியவரே அவர்தான். நடத்தும்போது அழக்கூடச் செய்தார்.

“பையன் சொல்றது நியாயம்தாம்ப்பா. விட்டுடு,” என்றார் வெண்தாடிப் பெரியவர் ஒருவர்.

தொக்தோசுன் கயிற்றை அவிழ்த்தான். முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் விதவையின் ஒப்பாரி ஒரு கணம் நின்றது. எர்மெக்குக்கு அப்பாடா என்றிருந்தது.

சாவு வீட்டுக் கறியில் தங்கள் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோக ஆளாளுக்கு ஒரு பாலித்தீன் பை எடுத்து வருவது ஊர் வழக்கம். வந்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார்கள்.

அக்கம்பக்கத்தார் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் கொண்டுவந்தார்கள். உஸ்தாத் ரெண்டு வாய் தின்றார். அடிக்கடி அடுப்புப் பக்கம் பார்த்தார்.

அவர் கிளம்பும்போது எர்மெக் கார் வரை ஓடினான். “உஸ்தாத், என் மார்க்கு?”

“தேறலை.”

“நீங்க நடத்தின பாடத்தைத்தானே உஸ்தாத் சொன்னேன்?”

“அது வகுப்பு. இது களம். இங்கே ஜனங்க வழக்கம் தெரியணும், வந்த விருந்தாளிக்கு மரியாதை தெரியணும். அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

முகம் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தார். கூடவே மடித்த பாலித்தீன் பை வந்து விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு.

வழியனுப்ப வந்த தொக்தோசுன் குனிந்து எடுத்தான். உள்ளே போனான். இரண்டு பையிலும் போர்சோக்கை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு வந்து, பணிவாக நீட்டினான்.

“இவ்வளவு நல்ல பாடம் நடத்தினவரு வெறுங்கையோட போகலாமா உஸ்தாத்?”